அரசிலாக் கொள்கையும் அன்றாட ஆட்சேபங்களும்

நூல்களிலே படிக்கப்படுவதிலும் பார்க்க வாய்ப்பேச்சிலே மிகுதியாக மறுக்கப்படும் அரசியற் கோட்பாடு ஒன்று உண்டெனில் அது அரசிலாக் கொள்கையே எனலாம். மார்க்சியத்தை மறுப்போர் அதன் மூலநூல்களுள் ஒன்றையேனும் புரட்டிப் பார்க்கின்றனர். அரசிலாக் கொள்கையைப் பொறுத்தவரை அத்தகைய சிரமம் வேண்டப்படுவதில்லை. தேநீர்க் கடையிலோ, வாசிகசாலைத் திண்ணையிலோ, விரிவுரை முடிந்து மாணவர் கூடும் மரநிழலிலோ இக்கொள்கை பற்றிய பேச்சு எழுமாயின் நான்கைந்து கேள்விகள் உடனே பிறந்துவிடும். கள்வனை யார் பிடிப்பது? வைத்தியசாலையை யார் நடத்துவது? மனிதர் அவ்வளவு நல்லவர்களா? துப்பாக்கி வைத்திருப்பவன் வந்தால் என்ன செய்வது? பேச்சு அத்துடன் முடிந்துவிடுகின்றது.

இக்கேள்விகள் எளியவையாயினும் அற்பமானவை அல்ல. வாழ்ந்து பட்டறிந்த மக்களின் அச்சங்கள் அவற்றினுள் உறைந்துள்ளன. ஆதலின் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து.

1. சொல்லும் பொருளும்

முதலாவது ஆட்சேபம் சொல்லிலேயே அடங்கியுள்ளது. 'அராஜகம்' என்னும் சொல்லுக்கு அரசன் இல்லாத நிலை என்பதே நேர்ப்பொருள். ஆயின் தமிழ்ப் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அது கொள்ளை, தீவைப்பு, கட்டுக்கடங்காத வன்செயல் ஆகியவற்றையே குறிக்கின்றது. இப்பொருளைக் கொண்டவர்க்கு அராஜகவாதி என்பவன் குழப்பத்தை விரும்புபவனாகவே தோன்றுவான்.

கொள்கையின் வரலாறு வேறு. 1793இல் இங்கிலாந்தில் வில்லியம் கொட்வின் அரசியல் நீதி பற்றி எழுதிய நூலில் இதன் தொடக்கத்தைக் காணலாம். 1840இல் பிரான்சிய அச்சுத் தொழிலாளியாகிய புரூதோன், சொத்தினைப் பற்றிய தமது நூலில் இப்பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொண்டார். ரஷ்யராகிய பக்கூனினும் குரொப்பொற்கினும் அதனைத் தொழிலாளர் இயக்கத்தோடு இணைத்தனர். மார்க்சும் பக்கூனினும் 1872இல் ஹேக் மாநாட்டோடு பிரிந்தமைக்கு, அரசு இயந்திரத்தைத் தொழிலாளர் கைப்பற்றிப் பயன்படுத்தலாமா என்பதே முக்கிய காரணங்களுள் ஒன்றாயிருந்தது.

தமிழ் உலகிற்கும் இக்கொள்கை முற்றிலும் புதியதன்று. 1887இல் சென்னையிற் பிறந்து, பாரதியாரோடு 'இந்தியா' பத்திரிகையிற் பணியாற்றிய மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியா, 1920இல் தாஷ்கந்தில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி உருவானபோது அதிற் பங்குகொண்டவர். பின்னர் அதிலிருந்து விலகிய அவர் 1954இல் மறையும்வரை அரசிலாக் கொள்கையினராகவே விளங்கினார். காந்தியடிகளும் 1916இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், குண்டெறியும் வகையினின்றும் வேறுபட்ட ஒருவகை அராஜகவாதி என்று தம்மைக் கூறிக்கொண்டார்.

இவர்கள் அனைவரிடமும் பொதுவாகக் காணப்படும் கருத்து ஒழுங்கின்மை அன்று. ஒரு மனிதன் இன்னொருவன்மீது செலுத்தும் அதிகாரம் எதுவாயினும் அது தன்னை நியாயப்படுத்தக் கடமைப்பட்டது. நியாயப்படுத்த இயலாதவிடத்து அது நீங்கவேண்டும் என்பதே அக்கருத்து. சப்பாத்து விடயத்திற் சப்பாத்துத் தொழிலாளியின் சொல்லை ஏற்கலாம், ஆயின் அவன் தன் கருத்தைத் தம்மீது திணிக்க இடங்கொடுக்க முடியாது என்னும் கருத்துப்படப் பக்கூனின் எழுதினார். அறிவுக்கு இணங்குவது வேறு, ஆணைக்கு அடங்குவது வேறு என்பது இதனால் விளங்கும்.

2. மனித இயல்பு

இரண்டாவது ஆட்சேபம் மிகப் பழையது. அடக்குவோன் இல்லையேல் பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் என்னும் மீன் நியாயத்தைக் கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கூறும். 1651இல் ஆங்கிலேயராகிய தோமஸ் ஹொப்ஸ் ஏறக்குறைய இதனையே பெருநூலாக விரித்தார். குடாநாட்டிலோ இவ்வாதத்திற்கு இன்னும் அண்மையான சான்று உண்டு. ஒரு முழ நிலத்திற்காக எல்லை வேலியைத் தள்ளிப் போட்டு, அவ்வழக்கைத் தந்தையிடமிருந்து மகன் பொறுப்பேற்கும் சமூகம் நீதிமன்றமின்றி ஒரு நாளேனும் வாழுமா என வினவுவர்.

இதற்கு இரு விடைகள் உள. மனிதன் தீயவன் என்பது உண்மையாயின், அத்தீய மனிதருட் சிலரைத் தெரிந்து ஏனையோர்மீது சட்டமும் சிறையும் படையும் செலுத்தும் வல்லமையை அளிப்பது தீமையைக் குறைக்கும் வழியாகுமா என்பது முதல் விடை. திருக்குறள் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததை அடுத்துக் கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்துள்ளமை, கோலேந்தியவரும் மனிதரே என்பதை முன்னோர் அறிந்திருந்தமைக்குச் சான்றாகும்.

இரண்டாவது விடை அனுபவம் சார்ந்தது. சைபீரியாவில் ஆய்வு நடத்திய புவியியலாளராகிய குரொப்பொற்கின், 1902இல் வெளியிட்ட நூலில், விலங்கினங்களும் மனிதரும் நிலைபெறுவதற்குப் போட்டியோடு பரஸ்பர உதவியும் காரணம் என நிறுவ முயன்றார். அவர் சேகரித்த எடுத்துக்காட்டுகளோடு யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றையும் சேர்க்கலாம். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கற் பாறையின் அடியிலே தேங்கும் மழைநீரே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் ஒரு கிணற்றிற்குப் பலர் பங்காளராயிருப்பர். இன்னார்க்கு இன்ன நாள் இறைப்பு முறை, வாய்க்கால் இன்னாருடைய காணியூடாகச் செல்லும், கிணறு துப்புரவாக்கும் செலவு பங்கின்படி என்பன அவர்களுக்கிடையே வரையறுக்கப்பட்டவை. துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒருவருடைய முறைக்கு இன்னொருவர் துலா மிதித்து உதவுவதும் வழக்கம். நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்த பின்னரும் முறை மறையவில்லை. முறைகளை ஒழுங்கு செய்ய எந்த உத்தியோகத்தரும் கிணற்றடியில் நின்றதில்லை.

கிணற்றுப் பங்கு உறுதிகளிலே எழுதப்படுவதும், தகராறு முற்றினால் நீதிமன்றம் செல்வதும் உண்மையே. ஆயினும் வழக்குக்குப் போன கிணறுகளே பேசப்படுகின்றன. போகாத கிணறுகள் பேசப்படுவதில்லை. பொது வளங்களைப் பயன்படுத்துவோர் தாமே விதிகளை வகுத்து நெடுங்காலம் பேணமுடியும் என்பதை எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலிற் பல நாடுகளின் சான்றுகளோடு காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர் அரசிலாக் கொள்கையினர் அல்லர் என்பதால் அச்சான்று இவ்விடத்து மேலும் வலுப்பெறுகின்றது.

3. காவல்

கள்வனையும் கொலைஞனையும் யார் தடுப்பது என்பது மூன்றாவது கேள்வி. பொலிஸ் நிலையம் இல்லாத ஊர்களே குடாநாட்டிற் பெரும்பாலானவை. அங்கு மக்கள் பெரும்பாலான நாள்களிற் களவின்றி வாழ்வதற்குக் காரணம் அயலவரின் அறிமுகமும் மதிப்பும் வெட்கமுமே எனலாம்.

இதனிலும் முக்கியமானது வேறொன்று. காவலுக்கென நிறுத்தப்பட்டோரிடமிருந்து மக்களைக் காப்பவர் யார்? 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயல்களின்போது யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதிலே தொடர்புடையோராகக் குறிப்பிடப்பட்டவர்கள் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தற் கடமைக்கெனக் கொண்டுவரப்பட்ட பொலிசார் ஆவர். அதற்கு இரு ஆண்டுகள் முன்னர், 1979இல், பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடு என்னும் பெயரில் நிறைவேற்றப்பட்டது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. அரசு இல்லாவிடின் வன்செயல் பெருகும் என்போர், அரசினாலேயே விளைந்த வன்செயலையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

எனினும் இவ்விடை முழுமையானதன்று. மூடிய கதவுக்குப் பின்னால் அடிபடும் பெண்ணுக்கு அயலவரின் அறிமுகம் பெரும்பாலும் உதவுவதில்லை. 'குடும்ப விஷயம்' என்று விலகிக்கொள்வது அயலவரின் வழக்கம். 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்த பின்னரே அவளுக்கு நீதிமன்றத்திடம் பாதுகாப்புக் கட்டளை கோரும் வழி திறந்தது. அரசிலாக் கொள்கையினர் இவ்விடத்து நடுவர் சபை, நட்டஈடு, காரணங்களைக் களைதல் முதலியவற்றைக் கூறுவர். அவை தேவையானவையே, போதியவை என அவர்கள் இன்னும் நிறுவவில்லை.

4. பெருங்கருமங்கள்

நான்காவது ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. சிறிய கிணற்றைப் பங்காளர் நடத்தலாம். வைத்தியசாலையையும் புகையிரதத்தையும் யார் நடத்துவது? ஐரோப்பியப் புகையிரதக் கம்பனிகள் மத்திய அதிகாரம் ஒன்றின்றித் தம்முள் உடன்பட்டு நாடுகளை இணைத்தமையையும், ஆங்கிலேய உயிர்காப்புப் படகுச் சங்கத்தையும் குரொப்பொற்கின் விடையாகக் காட்டினார். 1936இல் ஸ்பானிய உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் பார்சிலோனா நகரின் ட்ராம் வண்டிகளைத் தொழிலாளர் சங்கத்தினரே பொறுப்பேற்று ஓட்டினர்.

குடாநாட்டிலும் சான்றுகள் உள. 1930களில் மூளாயிலே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை ஒன்று எழுந்தது. ஊர்தோறும் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் மரண சகாய சங்கங்களும் அங்கத்தவரின் சந்தாவினாலும் உழைப்பினாலும் நடந்துவந்துள்ளன. 1972 அளவில் அமைக்கப்பட்ட கள் இறக்கும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள், தவறணைக் குத்தகைக்காரரிடம் கட்டுண்டிருந்த தொழிலாளர்க்குத் தம் உழைப்பின் பயனிற் கூடிய பங்கைப் பெற்றுக்கொடுத்தன.

ஆயின் கடைசிச் சான்று இரு பக்கமும் வெட்டும். அச்சங்கங்கள் தொழிலாளரால் இயங்கியபோதும் அவற்றுக்கு வழிவிட்டது அரசின் கொள்கை மாற்றமே. இவ்வாறே, திருநெல்வேலியிற் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி தனியார் கொடையின் பயன். அவ்வளாகத்தில் 1974இற் பல்கலைக்கழகம் எழுந்தது அரசின் செயல். 1945 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இல்லையேல் அதன் வகுப்புகளில் அமர்ந்தோருட் பலர் அங்கு வந்திரார். மக்கள் கூட்டாகப் பெருங்கருமங்களை ஆற்றவல்லார் என்பது உண்மை. எல்லார்க்கும் சமமாக ஆற்றுவர் என்பது அதிலிருந்து தானாகப் பெறப்படாது.

5. வெற்றிடத்தை நிரப்புவோர்

அண்மைக்கால அனுபவத்தில் வேரூன்றிய ஆட்சேபம் ஐந்தாவது. அரசு விலகினால் அவ்விடத்தை ஆயுதமேந்தியோர் நிரப்புவர். யாழ்ப்பாணம் அதனைக் கண்டது என்பர்.

கண்டது உண்மை. ஆயின் கண்டது எது என்பதைத் தெளிதல் வேண்டும். 1990இன் நடுப்பகுதி முதல் 1995இன் இறுதிவரை குடாநாட்டின் பெரும்பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்களிடம் காவற்றுறையும் நீதிமன்றமும் சிறையும் இருந்தன, வரியும் பெறப்பட்டது. இது அரசற்ற நிலை அன்று; மக்களுக்கு வகைசொல்லும் கடமை இல்லாத இன்னோர் அரசு. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டமை அயலவர் கூடி முடிவுசெய்த காரியமன்று. மேலிருந்து வந்த ஆணை. அதற்குச் சற்று முன்னர், எல்லா ஆயுதத் தரப்புகளினதும் கொடுமைகளைப் பதிவுசெய்த மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் முன்னோடிகளுள் ஒருவரும் உடற்கூற்றியற்றுறைத் தலைவருமாகிய ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். எவ்வதிகாரமாயினும் தன்னை நியாயப்படுத்தல் வேண்டும் எனக் கேட்போருக்கு எத்தகைய ஆபத்து நேரும் என்பதை அது காட்டியது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு இன்னொன்றும் காணப்பட்டது. இராணுவம் முன்னேறிவர, வெளியேறுமாறு ஒலிபெருக்கி அறிவித்தலும் வர, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் கொட்டும் மழையிற் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். அங்கே வீடுகளும் பாடசாலைகளும் கோவில்களும் திறக்கப்பட்டன. முன்பின் அறியாதவர்க்கு அடுப்பும் கிணறும் பகிரப்பட்டன. வெளியேற்றியது ஆணை, ஏற்றுக்கொண்டதிற் பெரும்பங்கு ஆணையின்றி நிகழ்ந்தது.

இதனாலும் ஆட்சேபம் முற்றாக அகலவில்லை. ஆயுதமற்ற கூட்டுறவு ஆயுதமேந்திய அமைப்பின் முன் தன்னை எவ்வாறு காத்துக்கொள்ளும்? ஸ்பானியத் தொழிலாளரின் முயற்சிகள் 1939இல் பிராங்கோவின் வெற்றியோடு அழிந்தன. உக்ரேனில் மக்னோவின் இயக்கம் 1921இற் செம்படையினால் முறியடிக்கப்பட்டது. இவ்வினாவுக்கு அரசிலாக் கொள்கையிடம் திருப்தியான விடை இன்னும் இல்லை. சிறிய நாடுகளிடமும் இல்லை என்பது வேறு விடயம்.

6. ஊர் என்னும் அரசு

மேற்கூறிய ஐந்தும் உரையாடலில் அடிக்கடி எழுபவை. எல்லாவற்றினும் வலியதோ பெரும்பாலும் எழுப்பப்படாதது. அரசு விலகினால் எஞ்சுவது ஊர், அவ்வூர் யாருடையது?

முன்னர் கூறிய கிணற்றிற்கு மீளுதல் வேண்டும். பங்காளர் ஒற்றுமையாக முறைவைத்த அதே குடாநாட்டில், ஒடுக்கப்பட்ட சாதியினர் கிணற்றுக் கட்டை அணுகாது, குடத்தோடு தள்ளிநின்று, யாரேனும் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தனர். அவ்விலக்கைப் பேண அரசாணை வேண்டியிருக்கவில்லை. அயலவரின் கண்ணும் வழக்கமும் போதுமாயிருந்தன. களவைத் தடுக்கும் அதே வெட்கமும் மதிப்பும் சாதியையும் காத்தன. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் இடம்பெற்றுள்ளன. அது அந்நியன் புதிதாகப் படைத்தது அன்று. ஊர் வழக்கத்தை எழுத்தில் வடித்து முதலியார்களின் ஒப்புதலோடு சட்டமாக்கியது. அடிமை முறை ஒழிந்தது 1844இற் குடியேற்ற அரசின் சட்டத்தினால்.

பிற்காலமும் இதனையே கூறும். 1929இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமாசனம் கட்டாயமாக்கப்பட்டபோது ஊரில் எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. இவ்விடத்து ஒடுக்கப்பட்டவன் பக்கம் நின்றது அரசு. எதிர்ப்பக்கம் நின்றது ஊர். அரசிலாக் கொள்கையை அவனிடம் எடுத்துச் சொல்பவர் முதலில் இதற்கு விடைகூறல் வேண்டும்.

விடையின் ஒரு பகுதி அச்சட்டத்தின் வரலாற்றிலேயே உண்டு. நிறைவேறிய பின்னர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அது பெரிதும் ஏட்டளவிலேயே கிடந்தது. தேநீர்க் கடைகளில் வேறு குவளையும் வேறு இருக்கையும் தொடர்ந்தன. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைத் தாக்கியோர், அச்சட்டத்தைக் காக்கவேண்டிய பொலிசாரே. அதன்பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவாகியது. சங்கானையில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டம் உயிர்ப்பலியோடு நடந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாயிலில் மக்கள் உட்பிரவேசம் கோரி அமர்ந்தனர். அவர்களைத் தடுத்தவர்களின் முன்னணியில் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமாகிய சி. சுந்தரலிங்கம் நின்றார். சட்டம் இயற்றியது அரசு. அதற்கு உயிர் கொடுத்தவர் எவருடைய அனுமதிக்கும் காத்திராது தாமே கூடிய மக்கள். அவ்வியக்கத்தை வழிநடத்தியோர் அரசிலாக் கொள்கையினர் அல்லர். பெரும்பாலோர் பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்டுகள். எனினும் சட்டம் தன்னளவில் விடுதலை தராது என்பதை அவர்கள் தம் செயலாற் காட்டினர்.

மற்றப் பகுதி கொள்கையின் உட்பொருளைச் சார்ந்தது. அதிகாரம் எதுவாயினும் தன்னை நியாயப்படுத்தவேண்டும் என்பது கொழும்பிலுள்ள செயலகத்துக்கு மட்டும் விடுக்கப்பட்ட வினா அன்று. கோவில் தர்மகர்த்தாவுக்கும், காணிக்காரனுக்கும், வீட்டில் தந்தைக்கும் கணவனுக்கும், பல்கலைக்கழகத்தில் புதுமுக மாணவனைப் பகிடிவதை செய்யும் மூத்த மாணவனுக்கும் அது பொருந்தும். அரசை மறுத்து ஊரை வணங்குபவன் பழைமை பேணுபவன் ஆவானேயன்றி அரசிலாக் கொள்கையினன் ஆகான். 1924இல் மாணவர் மாநாடாகத் தொடங்கிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் குடியேற்ற ஆட்சியை எதிர்த்து 1931இற் சட்டசபைத் தேர்தலைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தனர். அதே காலத்தில் சாதி ஏற்றத்தாழ்வையும் எதிர்த்தனர். அவர்கள் அரசை ஒழிக்க முனைந்தவர் அல்லர். ஆயினும் மேலுள்ள ஆட்சியையும் அருகிலுள்ள ஆட்சியையும் ஒருங்கே வினவும் மனப்பாங்கு அவர்களிடம் இருந்தது.

7. முடிபு

இவ்வாய்விலிருந்து பெறப்படுவன சில. குழப்பம், மனித இயல்பு, பெருங்கருமங்கள் பற்றிய ஆட்சேபங்கள் உரையாடலில் தோன்றும் அளவிற்கு வலிமையுடையவை அல்ல. மக்களின் அன்றாட வாழ்வே அவற்றிற் பெரும்பகுதிக்கு விடையாகின்றது. காவல், ஆயுதம் பற்றிய ஆட்சேபங்கள் வலியவை; ஆயின் அவை அரசையும் அதே அளவிற் குற்றஞ்சாட்டுகின்றன. ஊர் பற்றிய ஆட்சேபம் யாவற்றினும் வலியது. அதனை ஏற்றுத் தன்னுள் அடக்கினாலன்றி இக்கொள்கை யாழ்ப்பாணத்தில் எவர்க்கும் விடுதலை தராது. உயர்ந்தோர் தம் வழக்கங்களைத் தடையின்றி நடத்துவதற்குத் துணையாகவே முடியும்.

அரசு நாளையே நீங்கவேண்டுமா என்னும் கேள்விக்கு இவற்றைக் கொண்டு ஆம் என விடையிறுத்தல் இயலாது. இலவசக் கல்வியும் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றி இருந்திருக்கலாம் என ஒடுக்கப்பட்டவர் முன் எவரும் கூறத் துணியார். ஆயின் நிறுவும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பதில் இக்கொள்கை நிலையான திருத்தம் ஒன்றைச் செய்துள்ளது. வழக்கமான உரையாடலில் சுதந்திரம் கேட்பவனே காரணம் கூறவேண்டியவனாகின்றான். அரசிலாக் கொள்கை அப்பொறுப்பைக் கட்டளையிடுபவனிடம் ஒப்படைக்கின்றது. அமைச்சனோ, படைத்தலைவனோ, ஊர்ப் பெரியவனோ, விரிவுரையாளனோ, எவனாயினும் 'ஏன்' என்ற கேள்விக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவன். அக்கேள்வியை மேலே உள்ளோரிடம் கேட்கும் மாணவன், தன் வீட்டுக் கிணற்றடியிலும் அதனைக் கேட்டல் வேண்டும்.